மாலை போட்ட படங்களைக் கழற்றிய பிறகு: கடலூரில் ஓர் எழுத்தாளர் கூடம்

ஏப்ரல் 24 ஜெயகாந்தன். 25 புதுமைப்பித்தன். 27 பிரபஞ்சன். 29 பாரதிதாசன். பிறந்த ஆண்டுகள் வேறு: 1934, 1906, 1945, 1891. பிறந்த ஊர்கள் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், புதுச்சேரி, மறுபடியும் புதுச்சேரி. ஒரே வாரத்தின் தேதிகள், இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர் கடற்கரை, நான்கு பெரும் எழுத்தாளர்கள். எங்கள் வாசகர் வட்டத்தில் ஒருவர் தினசரிக் காலண்டரில் இந்த நாலு தேதிக்கும் வட்டம் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். பத்து வருஷமாகப் புத்தகம் பேசிக்கொண்டிருந்த எங்களில் யாருக்கும் அது தோன்றியிருக்கவில்லை. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இந்தப் பகுதி எழுத்தாளர்களுக்கென ஒரு கூடம் வேண்டும் என்ற பேச்சு அன்றைக்குத்தான் தொடங்கியது.

அந்தக் கூடத்தை ஒரு முறை தவறாகக் கட்டினோம். பிறகு கலைத்து மறுபடி அமைத்தோம். இரண்டையும் இங்கே எழுதுகிறேன். வேறு ஊர்களிலும் இப்படி ஒன்று செய்ய நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு வீணான ஒன்றரை வருஷம் அவர்களுக்கு வீணாகக் கூடாது.

முதல் கூடம்

இடம் தருவதாகச் சொன்ன ஓர் அமைப்பு கடைசி வாரத்தில் கைவிரித்துவிட்டது. திறப்பு விழா அழைப்பிதழ் அச்சாகிவிட்ட நிலையில், வட்டத்து நண்பர் ஒருவர் திருப்பாதிரிப்புலியூரில் தன் பழைய ஓட்டு வீட்டின் முன்னறையை ஒழித்துக் கொடுத்தார். நீள அறை, ஒரு பக்கம் மட்டும் ஜன்னல். சுண்ணாம்பு அடித்து, பன்னிரண்டு எழுத்தாளர்களின் படங்களைச் சட்டம் போட்டு மாட்டினோம். ஒவ்வொரு படத்துக்கும் சந்தன மாலை. கீழே பெயர், பிறந்த தேதி, மறைந்த தேதி, வாங்கிய விருது. குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி, மூன்று மணிநேரம் பேசி விழாவை முடித்தோம்.

அறிமுகப் பலகையில் விருதுகளைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தோம். சாகித்திய அகாதெமி மட்டும் பாரதிதாசனுக்கு 1969இல் (மறைவுக்குப் பின், 'பிசிராந்தையார்' நாடகத்துக்கு), ஜெயகாந்தனுக்கு 1972இல், புதுச்சேரியில் குடியிருந்த கி. ராஜநாராயணனுக்கு 1991இல், பிரபஞ்சனுக்கு 1995இல், விருத்தாசலம் பக்கத்து இமையத்துக்கு 2020இல். இதற்கு மேல் ஜெயகாந்தனின் ஞானபீடம். பார்த்தவர்கள் மலைத்துத்தான் போனார்கள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நான்தான் அங்கே உட்கார்ந்திருப்பேன். வருகைப் பதிவேட்டில் 'அருமை', 'சிறப்பான முயற்சி', 'வாழ்த்துகள்'. நாலு மாதத்துப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு புத்தகத்தின் பெயர்கூட யாரும் எழுதவில்லை. வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டு முகப்பில் இருக்கும் தாத்தா படங்களைப் பார்ப்பதுபோல ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனார்கள். வள்ளலார் படத்தின் கீழே ஒரு அம்மா கற்பூரம் ஏற்றவே முனைந்தார். அந்த பக்தியில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை. ஆனால் 1854இல் 'மனுமுறைகண்ட வாசகம்' எழுதிய உரைநடைக்காரராக அவரை நாங்கள் அங்கே வைத்திருந்தோம். அது அந்த அம்மாவுக்குத் தெரிய நாங்கள் வழி ஏதும் செய்யவில்லை.

ஒரு ஞாயிறு, பள்ளிச் சீருடையில் ஒரு பெண் வந்தாள். எட்டாவதோ ஒன்பதாவதோ படிப்பாள். புதுமைப்பித்தன் படத்தின் கீழே 'இயற்பெயர்: சொ. விருத்தாசலம்' என்று இருந்ததை வாய்விட்டுப் படித்தாள்.

"சார், இவரு விருத்தாசலத்துக்காரரா?"

"இல்லம்மா, அது அவரு பேரு. பொறந்தது இதே ஊர்ல. நம்ம திருப்பாப்புலியூர்ல."

"இங்கயா? என்னா எழுதனாரு?"

கடவுள் சென்னைக்கு வந்து கந்தசாமிப் பிள்ளையோடு காபி சாப்பிடுகிற கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். கண்கள் விரியக் கேட்டாள். "அந்தக் கதை இங்க இருக்கா சார்? படிச்சுட்டுப் போறேன்." அறையைச் சுற்றிப் பார்த்தேன். பன்னிரண்டு படங்கள் இருந்தன. ஒரு புத்தகம்கூட இல்லை.

அடுத்த வாரம் எடுத்துவருகிறேன் என்றேன், எடுத்தும் போனேன். அவள் வரவில்லை. அந்தப் பெண் கேட்டு நான் கொடுக்க முடியாமல் நின்ற அந்த நிமிஷம் இப்போதும் மனசை அறுக்கிறது.

இரண்டாவது அடி மாலையால் விழுந்தது. நம் வழக்கத்தில் மாலை போட்டு மாட்டிய படம் என்றால் அவர் காலமானவர். எல்லாப் படங்களுக்கும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று வாழ்ந்துகொண்டிருக்கும் எழுத்தாளர்களின் படங்களுக்கும் சந்தன மாலை போட்டிருந்தோம். அவர்களில் ஒருவரின் உறவுக்காரர் வந்து பார்த்துவிட்டுக் கண் கலங்கிப் பேசினார். "அவரு இன்னும் எழுதிக்கிட்டிருக்காருங்க. கழட்டுங்க." அன்று சாயந்திரமே எல்லா மாலைகளையும் கழற்றினோம். மாலை இல்லாத படங்களைப் பார்த்தபோதுதான் அந்தச் சுவர் எவ்வளவு காலி என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

யாரைச் சேர்ப்பது

மறுபடி அமைக்க உட்கார்ந்தபோது இதில்தான் அதிக நாள் போயிற்று. முதல் முறை பட்டியலை ஆளுக்கொரு பெயராகச் சொல்லிப் போட்டிருந்தோம். இந்த முறை மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டோம். இங்கே பிறந்தவரா? இங்கே வாழ்ந்தவரா? அவர் எழுத்தில் இந்த மண்ணும் மக்களும் பேச்சும் வந்திருக்கிறதா? மூன்றில் இரண்டுக்காவது ஆம் என்று வர வேண்டும். தமிழில் எழுதியிருக்க வேண்டும்.

'இங்கே' என்றால் எது என்பதில்தான் சண்டை. இன்றைய கடலூர் மாவட்டம் 1993இல் தென்னார்க்காட்டைப் பிரித்தபோது உருவானது. இந்த எல்லையை வைத்துக்கொண்டால் புதுமைப்பித்தன் விழுந்துவிடுவார். பிறந்தது மட்டும்தான் இங்கே. எழுதியதெல்லாம் நெல்லையும் சென்னையும். அவர் பிறந்த ஊரிலேயே நடக்கும் கூடத்தில் அவருக்கு இடமில்லை என்று சொல்லும் விதி என்ன விதி என்று ஒருவர் எழுந்தே போய்விட்டார். அவர் விட்டுப்போன கேள்விதான் எங்களை வரலாற்றுக்குள் தள்ளியது. வருவாய்த்துறையில் இருந்த தகப்பனாரோடு செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று போய்ப் படித்த பிள்ளை புதுமைப்பித்தன். 1918இல்தான் குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியது. அந்த மூன்று ஊரும் அன்றைய தென்னார்க்காடு. ஆக, பன்னிரண்டு வயதுவரை இந்த மண்ணில்தான் ஓடியாடினார். பழைய தென்னார்க்காடும் புதுச்சேரியும் சேர்ந்ததுதான் எங்கள் 'இங்கே' என்று அன்று முடிவானது. எழுந்து போனவரைக் கூட்டிவந்து டீ வாங்கிக் கொடுத்தோம்.

புதுச்சேரியை ஏன் சேர்க்க வேண்டும், அங்கே பாரதிக்கும் பாரதிதாசனுக்கும் அவர்கள் வாழ்ந்த வீடுகளே நினைவகங்களாக இருக்கின்றனவே என்று கேட்டவர்களும் உண்டு. கவிஞர் தமிழ்ஒளிதான் இதற்கு எங்கள் பதில். 1924 செப்டம்பர் 21இல் குறிஞ்சிப்பாடி பக்கத்து ஆடூரில் பிறந்து, புதுவையில் வளர்ந்து, பாரதிதாசனிடம் பயின்று, 'வீராயி' என்ற காவியத்தில் ஓர் ஒடுக்கப்பட்ட பெண்ணை நாயகியாக நிறுத்தியவர். நாற்பத்தோரு வயது நிறையுமுன் 1965இல் போய்விட்டார். அவரைக் கடலூர்க்காரர் என்பதா, புதுவைக்காரர் என்பதா? முதல் கூடத்தில் 'புதுச்சேரிக் கவிஞர்' என்று மட்டும் எழுதியிருந்தோம். குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்த ஓர் ஆசிரியர் பேனாவை எடுத்துப் பக்கத்தில் 'ஆடூர்' என்று எழுதிவிட்டுப் போனார். அந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறோம்.

பாரதியும் அப்படித்தான். 1908இலிருந்து பத்து வருஷம் புதுச்சேரியில் இருந்துதான் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் எழுதினார். 1918 நவம்பரில் பிரெஞ்சு எல்லையைத் தாண்டியதும் கடலூர் அருகே கைதாகி, இந்த ஊர்ச் சிறையில் மூன்று வாரத்துக்கு மேல் கிடந்தார். எல்லைக்கோடு அவருக்கு விலங்காக வந்தது. எங்கள் கூடத்திலாவது அது இல்லாமல் இருக்கட்டும்.

கி.ரா. விஷயத்தில் தயக்கமே இல்லை. இடைசெவலில் பிறந்த கரிசல்காரர்தான். ஆனால் புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு வருகைதரு பேராசிரியராக வந்தவர், 2021 மே 17இல் புதுச்சேரியில் மறையும்வரை இங்கேயே இருந்தார். இந்த வட்டாரத்து நாட்டுப்புறக் கதைகளைத் தேடித் தொகுத்தும் கொடுத்தார். வாழ்ந்தவரா, ஆம். இந்த மக்கள் பேச்சு அவர் கைக்கு வந்ததா, ஆம்.

ஜாதி, கட்சி, நட்பு என்ற மூன்றும் பட்டியலுக்குள் நுழையப் பார்த்தன. இதை ஒளிக்க வேண்டியதில்லை. 'நம்ம ஆளு ஒருத்தரையும் போடுங்க' என்று வந்தவர்களிடம் மூன்று கேள்விகளையும் கையில் கொடுத்து, அந்த எழுத்தாளரின் ஒரு பக்கத்தையும் எடுத்துவரச் சொன்னோம். பெரும்பாலும் பக்கம் வரவில்லை. இரண்டு முறை வந்தது, இரண்டும் நல்ல பக்கங்கள். இரண்டு பேரும் இப்போது கூடத்தில் இருக்கிறார்கள்.

பக்கம்

இரண்டாவது கூடத்தில் படம் சின்னதாகிவிட்டது, உள்ளங்கை அகலம். அதன் இடத்தை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு எழுத்தாளருக்கும் அவர் எழுத்திலிருந்து ஒரே ஒரு பக்கம், ஏ3 தாளில், பெரிய எழுத்தில். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் தாளின் நடுப்பகுதி வரும்படி மாட்டினோம். அதுதான் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் கண் மட்டம். பக்கத்தின் கீழே ஒரு சிறு பலகை, பலகையில் அந்தப் பக்கம் வரும் புத்தகம். பூட்டு கிடையாது. உட்கார்ந்து படிக்க பெஞ்ச்.

எந்தப் பக்கம் என்பதை மூன்று மாதம் கூடிக்கூடிப் படித்துத் தேர்ந்தோம். ஜெயகாந்தனுக்கு 'யுகசந்தி'. நெய்வேலியிலிருந்து பஸ்ஸில் கடலூருக்கு வந்து இறங்கும் கௌரிப் பாட்டி கெடிலம் பாலத்தில் நடந்து போகிறாள். ஊர்க்காரர் யார் படித்தாலும் அந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் முழுக் கதையையும் நின்றபடியே படித்து முடித்துவிட்டு, அந்தக் காலத்தில் நெய்வேலி வண்டி எங்கே நின்றது, பாட்டி எந்தத் தெரு வழியாகப் போயிருப்பாள் என்று பேசினார். விதவையான பேத்தி மறுமணம் செய்துகொள்ள முடிவெடுக்கும்போது அந்தக் கிழவி அவள் பக்கம் நிற்கிறாள். அதைச் சொல்லும்போது கண்டக்டருக்குக் குரல் உடைந்தது. அவர் வீட்டில் என்ன கதையோ, நான் கேட்கவில்லை.

ஆனந்தரங்கப் பிள்ளையின் பக்கம் எங்களைப் படாதபாடு படுத்தியது. புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும்) இருந்து 1736முதல் 1761வரை நாட்குறிப்பு எழுதியவர். கப்பல் வந்தது, சரக்கு விலை போனது, கவர்னர் கோபித்துக்கொண்டது எல்லாம் அன்றைய பேச்சுத் தமிழிலேயே இருக்கிறது. கண்ணால் பார்த்தால் புரியாத வாக்கியம், வாய்விட்டுப் படித்தால் புரிகிறது. அதனால் அந்தப் பக்கத்தின் மேல் 'சத்தமாகப் படிக்கவும்' என்றே எழுதி வைத்தோம். அதன் பக்கத்திலேயே பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்'. அந்த நாட்குறிப்பிலிருந்து ஒரு நாவலாசிரியன் என்ன எடுத்தான், எதைத் தானே படைத்தான் என்பதை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். கல்லூரிப் பிள்ளைகள் அதிக நேரம் நிற்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

பக்கத்தை அப்படியே அச்சடித்து மாட்டிவிட முடியுமா என்றால், முடியாது. பதிப்புரிமை இருக்கிறது. நம் சட்டப்படி எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து அறுபது வருஷம். பாரதியின் எழுத்தை அரசு 1949இலேயே மக்களுக்குரியதாக்கிவிட்டது. பாரதிதாசனுடையது 1990இல் நாட்டுடைமையானது, புதுமைப்பித்தனுடையது 2002இல். இவர்களுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஜெயகாந்தன் 2015இல் மறைந்தவர், அவர் உரிமை 2075 முடியும்வரை வாரிசுகளுக்கு உரியது. பிரபஞ்சனுக்கு 2078. இப்படிப்பட்டவர்களுக்குக் குடும்பத்துக்கோ பதிப்பாளருக்கோ கடிதம் எழுதி, ஒரு பக்கம் மாட்ட எழுத்துமூலம் அனுமதி வாங்கினோம். யாரும் மறுக்கவில்லை, யாரும் பணமும் கேட்கவில்லை. கேட்காமல் மாட்டியிருந்தால் அது களவு. படத்துக்கும் புகைப்படக்காரரின் உரிமை இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இணையத்திலிருந்து இறக்கி ஃப்ளெக்ஸ் அடித்து வைப்பது இந்த வேலையில் செய்யக் கூடாத காரியம்.

கடற்காற்றைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உப்பு ஏறிய சுவரில் சட்டத்தை ஒட்டி மாட்டினால் ஒரு ஐப்பசி மழைக்குள் தாள் பூஞ்சை பிடிக்கும். சுவரில் ரீப்பர் கட்டை அடித்து, அதன்மேல் ஒரு அங்குலம் இடைவெளி விட்டு மாட்டுங்கள். ஆணி துருப்பிடிக்காததாக இருக்கட்டும். தாளைத் தின்னும் ராமபாணப் பூச்சிக்கு மாதம் ஒரு முறை புத்தகங்களை வெளியே எடுத்து நிழலில் விரித்து, தட்டித் துடைப்பதைவிட நல்ல வைத்தியம் நான் பார்க்கவில்லை.

மல்லாட்டை

கூடத்தின் பின்சுவர் காலியாக இருந்தது. எங்கள் பக்கத்துப் பேச்சுக்கு நடுநாட்டுத் தமிழ் என்று பெயர். மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன், போக்குவரத்துக் கழகத்தில் மெக்கானிக்காக வேலை பார்த்துக்கொண்டே, 'அஞ்சலை' போன்ற நாவல்களோடு 'நடுநாட்டுச் சொல்லகராதி'யையும் தொகுத்துக் கொடுத்தவர். அந்த அகராதியைக் கயிறு கட்டித் தொங்கவிட்டு, கீழே வெற்று அட்டைகளும் பென்சிலும் வைத்தோம். வருகிறவர்கள் தங்கள் வீட்டுச் சொல் ஒன்றை எழுதிச் சுவரில் குத்திவிட்டுப் போகலாம். அரைமனதாகச் செய்ததுதான் இது.

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு ஆயா பேத்தியோடு வந்திருந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், வெயிலுக்கு ஒதுங்கினார்கள். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. பேத்தி சுவரில் இருந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். கொட்டாய். கொல்லை. மல்லாட்டை.

"இன்னாடி சொன்ன?"

"மல்லாட்டை ஆயா. வேர்க்கடலைன்னு பக்கத்துல போட்டிருக்கு."

ஆயா எழுந்து போய் அந்த அட்டையைத் தொட்டுப் பார்த்தார். விரலால் எழுத்தின் மேலேயே போனார். "இதக்கூடவா எழுதி வெச்சிருக்காங்க?" என்று கேட்டார், என்னைப் பார்த்து அல்ல, சுவரைப் பார்த்து. மணிலாக்கொட்டை என்பது வாயில் உருண்டு மல்லாட்டையான விவரத்தைச் சொன்னேன். அதற்குள் அவர் சொல்லச் சொல்ல பேத்தி இன்னும் எட்டு அட்டை எழுதிவிட்டாள். முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலையில் வருகிற சொற்கள். அவற்றில் மூன்றை நான் அதுவரை கேட்டதே இல்லை. போகும்போது பேத்தி கேட்டாள், "இந்தப் பேச்சுலயே கதை இருக்கா?" இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' பலகையில் இருந்தது. முதல் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். ஆயா கதவு நிலையைப் பிடித்தபடி நின்று கேட்டார், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று பேத்தி இழுக்கும்வரை.

இவ்வளவு நாள் விருதுகளின் பட்டியலைப் பார்த்து மக்கள் மலைத்துப் போவதையே பெருமை என்று நினைத்திருந்தேன். அந்த ஆயா மலைக்கவில்லை. தன் சொல்லைச் சுவரில் கண்டு அதனிடம் போய் நின்றார். அன்று முதல் பின்சுவரைத்தான் கூடத்தின் முகப்பாக மாற்ற வேண்டும் என்று வாதாடி வருகிறேன். வட்டத்தில் பாதிப் பேர் இன்னும் ஒப்பவில்லை.

தேதி

ஏப்ரல் கடைசி வாரம் என்ற யோசனைதான் எங்களைக் கூட்டியது. ஆனால் விழாவுக்கு அது தோதில்லை. பிள்ளைகளுக்கு முழு ஆண்டுத் தேர்வு, இல்லாவிட்டால் விடுமுறையில் ஊருக்குப் போயிருப்பார்கள். ஓட்டுக்கூரையின் கீழே அந்த வெயிலில் அரை மணிநேரம் உட்கார முடியாது. இரண்டு வருஷம் காலி பெஞ்சுகளைப் பார்த்தபின், பெரிய கூடுகையைச் செப்டம்பர் 21க்கு, தமிழ்ஒளி பிறந்த நாளுக்கு மாற்றினோம். வடகிழக்கு மழை பிடிக்குமுன் அது முடிந்துவிடும். டிசம்பரை நினைத்தே பார்ப்பதில்லை. 2011 டிசம்பர் 30இல் 'தானே' புயல் இந்தக் கரையில் என்ன செய்தது என்று தெரிந்தவர்கள் நாங்கள். ஏப்ரலில் அந்த நாலு நாளும் மாலை ஆறு மணிக்கு வாசலில் பாய் விரித்து, அன்று பிறந்தவரின் ஒரு கதையையோ கவிதையையோ வாசிப்பதோடு சரி. பத்துப் பேர் வந்தால் போதும் என்று வைத்திருக்கிறோம்.

இன்னும் சரியாகாதவை

முதல் பட்டியலின் பன்னிரண்டு பேரில் ஒரு பெண்கூட இல்லை. திறப்பு விழா மேடையில் இருந்தவர்களில் யாரும் அதைக் கவனிக்கவில்லை; நாற்காலி எடுத்துப்போட வந்த ஒரு கல்லூரி மாணவிதான் கேட்டாள். புதுச்சேரியில் பிறந்து, அந்த ஊர் ஆற்றின் பெயரையே 'சங்கராபரணி' என்று தன் கவிதைத் தொகுப்புக்கு வைத்த மாலதி மைத்ரியின் பக்கம் இப்போது இருக்கிறது. ஆனால் ஒருவரைச் சேர்த்துவிட்டதால் கணக்குத் தீராது. ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முன் இந்தப் பகுதியில் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பிய பெண்கள் இருந்திருப்பார்கள். பெயர்களைப் புனைபெயருக்குப் பின்னால் மறைத்திருப்பார்கள். பழைய பத்திரிகைக் கட்டுகள் பரண்களில் கிடக்கின்றன. இந்த வருஷம் அவற்றைத் தேடும் வேலையை அந்த மாணவியே எடுத்துக்கொண்டிருக்கிறாள். சனிக்கிழமைதோறும் ஒரு வீட்டுப் பரண். இதுவரை ஏறிய பரண்களில் கிடைத்தது பெரும்பாலும் பஞ்சாங்கமும் கல்யாணப் பத்திரிகையும்தான். போன வாரம் மட்டும், அட்டை போன ஒரு பைண்டு வால்யூமில் தொடர்கதைப் பக்கங்கள் சில. எழுதியவர் பெயர் இருந்த மூலையைப் பூச்சி அரித்திருக்கிறது. அதே தொடரின் வேறு வாரங்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அவருக்காக ஜன்னலுக்கு எதிரே, வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில், ரீப்பர் அடித்துப் பலகையும் மாட்டி வைத்திருக்கிறது.